விமானத்தில் கடுஞ்சொல் கேட்க நேர்ந்தால்

விமானப் பயணம் செல்வர்க்கு மட்டுமே உரியதாய் இருந்த காலம் மலையேறிவிட்டது. வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை செய்யும் மகன், சிங்கப்பூரில் குடியேறிய மகள், கனடாவிலோ அமெரிக்காவிலோ படிக்கும் பேரன் என்று நம் பங்குக் குடும்பங்களுள் பலவற்றின் உறவு கடல் கடந்து விரிந்துவிட்டது. மகளின் பேறுகாலத்திற்குத் துணையாக, அறுபது வயதைக் கடந்த தாய் தன்னந்தனியே விமானம் ஏறுவதும் இன்று வியப்புக்குரிய செய்தியன்று. புறப்படும் முன் உற்றார் உறவினர் அவருக்கு எத்தனையோ அறிவுரை கூறுகின்றனர். பெட்டியின் எடை இவ்வளவு இருக்க வேண்டும், ஊறுகாயை இப்படிக் கட்ட வேண்டும், கடவுச்சீட்டைக் கழுத்துப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்புகின்றனர். ஆயினும், சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் முகத்தைச் சுளித்து, குரலை உயர்த்தி, நூறு பேர் நடுவில் அவரைத் தலைகுனியச் செய்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுப்பார் எவருமில்லை.

இஃது அற்பச் செய்தி என்று தள்ளிவிட வேண்டாம். தரையில் ஒரு கடைக்காரர் நம்மை அவமதித்தால் அடுத்த கடைக்குச் சென்றுவிடலாம். பேருந்து நடத்துநர் சினந்து பேசினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் இறங்குவதற்கு நிறுத்தம் ஏது? ஆறு மணி, எட்டு மணி நேரம் அதே மனிதரின் கையிலிருந்தே தண்ணீரும் உணவும் பெற்றாக வேண்டும். எதிர்த்துப் பேசினால் நிலைமை மோசமாகலாம். பேசாமல் இருந்துவிட்டாலோ, பட்ட காயம் ஆண்டுக்கணக்கில் ஆறாது. புதிய வேலையில் குறித்த நாளில் சேர வேண்டிய இளைஞன் ஒருவன் பொறுமை இழந்து கையை ஓங்கிவிட்டான் எனக் கொள்வோம். அவன் இழப்பது அன்றைய பயணத்தை மட்டுமா? வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணமும் வேலையும் சேர்ந்தே போய்விடும்.

முதலில், நம் எதிரே நிற்பவர் யார் என்பதைப் பார்ப்போம்.

1930ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், அமெரிக்காவில் எலன் சர்ச் என்னும் பெண்மணி முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவர் மருத்துவமனைச் செவிலியர். பயணிகளின் அச்சத்தைப் போக்கவும், மயங்கி விழுவோரைக் கவனிக்கவும் செவிலியரே தகுந்தவர் என்று அன்று எண்ணினார்கள். பின்னர், விளம்பரங்களின் வேலையால், இப்பணி புன்னகையோடு உணவு பரிமாறும் பணியாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. சட்டத்தின் கண்ணுக்கு அவ்வாறன்று. ஐம்பது இருக்கைக்கு ஒருவர் வீதம் பணியாளர் இருக்க வேண்டும் என்று இந்தியாவிலும் அமெரிக்காவிலும் விதி செய்திருப்பது உணவு பரிமாறுவதற்காக அன்று. ஆபத்து நேர்ந்தால் மக்களை வெளியேற்றுவதற்காகவே. புதிதாக வடிவமைக்கப்படும் பெரிய விமானம் ஒவ்வொன்றும், வாயில்களில் பாதி மட்டுமே திறந்திருக்கும் நிலையில், 90 நொடிகளுக்குள் அனைவரையும் வெளியேற்றிவிடக் கூடியது என்று மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

இதன் பொருளை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 2024 சனவரி 2ஆம் நாள் தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் நடந்தது. இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை விமானத்தின் மேல் மோதித் தீப்பற்றியது. காவற்படை விமானத்தில் இருந்த அறுவருள் ஐவர் மாண்டனர். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். ஒலிபெருக்கி அமைப்பு செயலிழந்துவிட்டது. எட்டு வாயில்களில் மூன்றையே பயன்படுத்த முடிந்தது. பணியாளர்கள் கைக்குழல் ஒலிபெருக்கியாலும் தொண்டைக் குரலாலும் கத்திக் கத்தியே அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். அந்நேரத்தில் அவர்கள் “தயவுசெய்து” என்று சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நமக்கு இன்னும் அண்மையில் நடந்தது 2016 ஆகஸ்டு 3ஆம் நாளின் விபத்து. திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சென்ற எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் வயிறு தேய்ந்து விழுந்து தீப்பற்றியது. உள்ளே இருந்த 300 பேரும் வெளியேறிவிட்டனர். தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர் நீத்தார். புகை சூழ்ந்த அந்நேரத்திலும் பயணிகள் மேலே இருந்த பெட்டிகளை எடுக்க முனைந்த காட்சி உலகெங்கும் பரவியது. பெட்டிகளை விட்டுவிடும்படி கூவிய பணியாளரின் குரலை அன்று யாரும் இன்குரல் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கடுமையின் நோக்கம் பயணியின் உயிரைக் காப்பது.

ஆதலால், கடுமை வேறு, பகைமை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர்க்கு விமானத்தில் வழக்காடவும் தெரியாது.

கட்டளையும் அவமதிப்பும்

இருக்கை வாரைக் கட்டு, சாய்ந்த இருக்கையை நிமிர்த்து, முன்னுள்ள பலகையை மடக்கு, சன்னல் மறைப்பைத் திற, காலடியில் வைத்த பையை உள்ளே தள்ளு, எழுந்து நிற்காதே என்பன கட்டளைகள். இவற்றுக்கெல்லாம் காரணம் உண்டு. சாய்ந்த இருக்கையும் விரித்த பலகையும் பின்னால் இருப்பவரின் வழியை அடைத்துவிடும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சன்னல் திறந்திருந்தால்தான் வெளியே தீப்பற்றியுள்ளதா என்று பார்க்க முடியும். இக்கட்டளையை ஒருவர் சிடுசிடுப்புடன் சொன்னாலும் அது கட்டளையே. சொன்ன விதம் தவறு என்பதற்காகச் சொன்ன செய்தியை மறுக்க நமக்கு உரிமை இல்லை.

ஒன்றை இங்கே சொல்லிவைப்பது நல்லது. பறக்கும் விமானத்தினுள் பொறிகளின் இரைச்சல் ஓயாது. முதியோர்க்கு முதல் முறை சொன்னது காதில் விழாது. இரண்டாம் முறை பணியாளர் குரலை உயர்த்துகிறார். மூன்றாம் முறை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அரபு மொழியிலோ உரக்கச் சொல்கிறார். கேட்பவர்க்கு அது வசையாகவே படுகிறது. “என்ன தப்புச் செய்தேன் என்று இந்தப் பெண் என்னிடம் கத்துகிறாள்?” என்று அன்னை கண்கலங்குகிறார். அங்கே பகைமையே இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் தண்ணீர் கேட்ட முதியவரைப் பார்த்து உதட்டைச் சுழிப்பதும், ஆங்கிலம் அறியாதவரை ஏளனம் செய்து சிரிப்பதும், முன்வரிசையில் கோட்டு அணிந்தவரிடம் குழைந்து பேசிவிட்டுப் பின்வரிசையில் அமர்ந்த தொழிலாளியை விரலசைவால் ஏவுவதும், அழைப்பு மணியை அழுத்தியதற்காகத் திட்டுவதும் பாதுகாப்போடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவை. இவை அவமதிப்பு. இவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. வளைகுடா விமானங்களில் பயணம் செய்யும் நம் தொழிலாளர் பலர், “நமக்கு இதுதான் கிடைக்கும்” என்று இதனை விதியாக ஏற்றுக்கொண்டிருப்பது வேதனைக்குரியது. அவர்கள் கையிலிருக்கும் பயணச்சீட்டும் பணம் கொடுத்து வாங்கியதுதானே?

இவ்விரண்டுக்கும் நடுவே ஐயத்துக்குரிய ஓர் இடமும் உண்டு. வேறொரு குடும்பம் சேர்ந்து அமர்வதற்காக இருக்கை மாறுவீர்களா என்று கேட்டால் அது வேண்டுகோள். இயலாது என்று பணிவாக மறுக்கலாம். “மாறியே ஆக வேண்டும்” என்று உறுதியாகச் சொல்லப்பட்டால், முதலில் மாறிவிட்டுக் காரணத்தைப் பின்னர்க் கேட்பதே அறிவுடைமை. கட்டளை தவறானதாகவே இருந்தாலும், அதனை அங்கேயே மீறிக் காட்டி வென்றவர் அரியர்.

ஏன் அரியர்? சட்டம் அவ்வாறு அமைந்துள்ளது. 1963ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, விமானத்தின் ஒழுங்கையும் பாதுகாப்பையும் காப்பதற்காகப் பயணியைக் கட்டுப்படுத்தவும், தேவைப்பட்டால் கட்டிவைக்கவும், இடைவழியில் இறக்கிவிடவும் தலைமை விமானிக்கு அதிகாரம் அளிக்கிறது. இந்தியா இதற்கென 1975இல் தனிச் சட்டமே இயற்றியது. விமானி தம் அறையை விட்டு வெளியே வந்து இரு தரப்பையும் விசாரிப்பதில்லை. பணியாளர் சொல்வதைக் கேட்டே முடிவு செய்கிறார். ஆகவே சினந்து எழும் பயணி, வழக்கு தொடங்கும் முன்பே பாதி தோற்றுவிடுகிறார்.

நம் நாட்டின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2017இல் வெளியிட்ட விதிகள், ஒழுங்கற்ற பயணியின் குற்றத்தை மூன்று படிகளாக வகுத்தன. சொல்லாலும் சைகையாலும் துன்புறுத்தினால் மூன்று மாதம் வரை, தள்ளுதல், அடித்தல் போன்றவற்றுக்கு ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் குறைந்தது இரண்டாண்டு பறக்கத் தடை என்பது அவ்விதி. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியின் தலைமையில் அமைந்த குழு முப்பது நாளில் முடிவு கூற வேண்டும். தண்டிக்கப்பட்டவர் அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அதில் கண்டுள்ளது. கவனியுங்கள்: முதற்படிக்கு வெறும் சொல்லே போதும். பணியாளர் பேசிய பத்துக் கடுஞ்சொல் காற்றோடு போய், நாம் பதிலுக்குப் பேசிய ஒன்று ஏட்டில் ஏறிவிடலாம்.

இன்னொரு நுட்பம் உண்டு. விமானம் தரையில் நின்று, வாயில் திறந்திருக்கும் நேரமே பயணிக்கு மிகவும் ஆபத்தான நேரம். வானில் இருக்கும்போது ஒருவரை இறக்கிவிடுவது எவருக்கும் பெருஞ்சிக்கல். நிலையத்திலோ, காவலரை அழைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஏறும்போது பெட்டி வைக்க இடமில்லை என்று பணியாளர் சீறினால், அந்நேரத்தில் வாயை மூடிக்கொள்வது கோழைத்தனமாகாது. ஊர் போய்ச் சேருவதே அன்றைய வேலை.

புன்னகைக்குப் பின்னால்

பணியாளர் ஏன் சீறுகிறார் என்பதையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம். இது அவர் செய்ததை நியாயப்படுத்துவதற்காக அன்று. எதிரியின் வலி தெரிந்தவர்க்கு எதிரியை ஆற்றுவது எளிது என்பதற்காகவே.

விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்ற அளவு வரை குறையலாம். கொடைக்கானலினும் சற்று உயர்ந்த மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஈரம் மிகக் குறைவு. ஒரு நாள் அப்படி அமர்ந்து வந்தாலே நமக்குத் தலை கனக்கிறது, நா வறள்கிறது. அதே இடத்தில் மாதம் பல நாள், இரவைப் பகலாக்கி, தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு நடப்பவரின் நிலை என்ன? மேலும், பயணிகள் ஏறும் நேரத்திற்கு ஊதியமே இல்லை என்பது அமெரிக்க நிறுவனங்களில் நெடுங்கால வழக்கம். வாயில் மூடிய பிறகே கணக்குத் தொடங்கும். டெல்டா நிறுவனம் 2022இல்தான் அந்நேரத்திற்குப் பாதி ஊதியம் தரத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பணியாளர் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்ததற்கும் தரையில் செய்யும் வேலைக்கு ஊதியமின்மை ஒரு முதன்மைக் காரணம். பெட்டிச் சண்டையும் இருக்கைச் சண்டையும் மூளும் அதே அரைமணி நேரந்தான் கூலியற்ற அரைமணி நேரம்!

ஆர்லி ஹாக்சைல்டு என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், டெல்டா நிறுவனப் பணிப்பெண்களின் பயிற்சியையும் வாழ்வையும் ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். உடல் உழைப்பு, மூளை உழைப்பு போலவே உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் காட்டுவதும் ஓர் உழைப்பு என்றும், அது கூலிக்கு விற்கப்படுகிறது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். நம் நாட்டிலோ, ஏர் இந்தியாவின் பணிப்பெண் முதன்முறை கருவுற்றாலே வேலையிழக்க வேண்டும் என்ற விதி 1981 வரை இருந்தது. உச்ச நீதிமன்றம் நர்கேஷ் மீர்சா வழக்கில் அவ்விதியைச் செல்லாது என்று நீக்கியது. பிள்ளை பெறுவதையே குற்றமாக எண்ணிய விதியின் கீழ் வேலை செய்தவர்கள், பயணிகளின் பிள்ளைகளை மட்டும் சிரித்த முகத்தோடு ஏந்த வேண்டியிருந்தது.

பகைமை இரு பக்கமும் மூண்டால் என்ன ஆகும் என்பதை 2022 டிசம்பரில் இஸ்தான்புல்லிலிருந்து தில்லிக்கு வந்த இண்டிகோ விமானத்தில் கண்டோம். உணவு பற்றித் தொடங்கிய பேச்சு வாக்குவாதமாகியது. பயணி பேசிய விதத்தால் தம் சக பணியாளர் அழுகிறார் என்று பணிப்பெண் ஒருவர் சொல்லி, தாம் நிறுவனத்தின் ஊழியரேயன்றிப் பயணியின் வேலைக்காரி அல்லர் என்று உரத்த குரலில் பதிலளித்தார். மற்றொருவர் எடுத்த படம் நாடெங்கும் பரவியது. மக்களுள் பலர் பணிப்பெண்ணின் பக்கம் நின்றனர். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்பதே நம் கருத்தும். எனினும் உணவைப் பற்றிய அந்தக் குறை என்னவாயிற்று என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. குரல் உயர்ந்தது, குறை மறைந்தது.

அருகில் இருப்பவரின் கடமை

2017 ஏப்ரல் 21ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து டாலஸ் செல்லவிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தில், இரட்டைக் குழந்தைகளுடன் ஏறிய தாய் ஒருவரிடமிருந்து குழந்தைத் தள்ளுவண்டியைப் பணியாளர் ஒருவர் வலிந்து பறித்தார். வண்டி தாயின் மேல் பட்டது என்றும், கைக்குழந்தையின் மேல் படாமல் தப்பியது என்றும் கண்டவர் கூறினர். அத்தாய் கதறி அழுதார். இருக்கையில் இருந்த ஆடவர் ஒருவர் எழுந்து வந்து, “என்னிடம் இப்படிச் செய்து பார்” என்ற பொருள்பட மிரட்டினார். பணியாளரும் பின்வாங்காமல், அடிக்கும்படி அவரை எதிர்த்துக் கூவினார். ஒரு கணம் தவறியிருந்தால் கைகலப்பு மூண்டிருக்கும். பின்னர்ச் செய்தித்தாளில் தாயின் பெயருக்குப் பதிலாக அந்த ஆடவரின் பெயரே குற்றவாளி என்று வந்திருக்கும்.

அந்தத் தாய்க்கு உண்மையில் துணை செய்தவர் யார்? அமைதியாக அமர்ந்து, நடந்ததைப் படம் பிடித்து எழுதி வெளியிட்ட மற்றொரு பயணியே. வண்டியைப் பறித்த கணம் அப்படத்தில் இல்லை. அதற்குப் பிந்தியவை மட்டுமே இருந்தன. அதனால் நேரில் கண்டோரின் சொல்லும் தேவைப்பட்டது. நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது, பணியாளரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தது, தாயின் எஞ்சிய பயணத்திற்கு முதல் வகுப்பு இடம் அளித்தது.

நம்மவர் இங்கே கற்க வேண்டியது நிறைய உண்டு. அடுத்த இருக்கையில் ஒருவர் அவமதிக்கப்படும்போது தலையைத் திருப்பிக்கொள்வதும் தவறு, சட்டையை மடித்துக்கொண்டு எழுவதும் தவறு. “அம்மா, அவர் சொல்வதை நான் உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்” என்று ஒரு வாக்கியம் போதும், பாதிச் சண்டை அடங்கிவிடும். மொழி தெரியாதவர்க்கு மொழியாவதே முதல் உதவி. அடுத்து, இறங்கும்போது உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். சாட்சி இல்லாத முறையீடு ஒற்றைக்கால் நாற்காலி போன்றது. படம் எடுப்பதைச் சில நிறுவனங்கள் ஒப்புவதில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். மறைத்து எடுக்கப்போய்ப் புதுக் குற்றத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

சொல்லும் முறை

இனி, அவமதிக்கப்பட்டவரே என்ன செய்யலாம்? கேட்டது கட்டளையாயின், முதலில் அதனை நிறைவேற்றுங்கள். பின்னர், குரலைத் தாழ்த்தி, “நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன், என்னிடம் மரியாதையாகப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள். இதற்கு மேல் அவரிடம் பேசப் பயனில்லை. அவரைத் தொடக்கூடாது; வண்டியை மறிக்கக்கூடாது; அவருடைய நாட்டையோ நிறத்தையோ பெண்மையையோ குறித்து ஒரு சொல்லும் வரக்கூடாது. மதுவருந்தியிருந்தால் எதுவுமே பேசாமலிருப்பது உத்தமம்; நியாயம் முழுதும் நம் பக்கம் இருந்தாலும் வாயில் வீசும் நாற்றம் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

ஒவ்வொரு விமானத்திலும் பணியாளர்க்கெல்லாம் மூத்தவராக ஒருவர் உண்டு. ‘பர்சர்’ என்றோ ‘கேபின் தலைவர்’ என்றோ அவரை அழைப்பர். பெரும்பாலும் சீருடையில் வேறுபட்ட அடையாளம் இருக்கும். அவரைக் காண வேண்டும் என்று கேட்பது பயணி தாராளமாகச் செய்யக் கூடியது. உணவு பரிமாறும் நெருக்கடியில் கேளாமல், வண்டிகள் திரும்பிச் சென்று சந்தடி ஓய்ந்த பிறகு கேளுங்கள். முடிந்தால், பணியாளர் உணவைச் சூடாக்கும் பின்பகுதிக்கு நீங்களே சென்று தனியே பேசுங்கள். நூறு பேர் கேட்கப் பேசினால் அவர் தம் ஊழியரைக் காக்கவே முற்படுவார். தனியே சொன்னால் கேட்பார். பகைத்தவர் வேறு பக்கம் பணிக்கு மாற்றப்பட்டு, உங்கள் வரிசைக்கு வேறொருவர் வந்தால், அதுவே வானில் கிடைக்கக்கூடிய பெரிய வெற்றி.

ஆறும் முன் எழுதிவிடுங்கள். நாள், விமான எண், இருக்கை எண், ஏறத்தாழ என்ன நேரம், பணியாளரின் மார்புப் பட்டையில் கண்ட பெயர், அவர் சொன்ன சொற்கள் அப்படியே. “மோசமாக நடத்தினார்” என்று எழுதினால் எவரும் மதியார். “இருமுறை தண்ணீர் கேட்டேன், மூன்றாம் முறை இன்ன சொல்லைச் சொன்னார்” என்று எழுதினால் மறுக்க இயலாது. போர்டிங் பாஸைக் கிழித்தெறியாதீர்கள்.

தரை இறங்கிய பின் உங்கள் கை ஓங்குகிறது. முதலில் நிறுவனத்துக்கே எழுத்து மூலம் முறையிட வேண்டும். விடை வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ, நடுவண் அரசின் விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் தொடங்கிய ‘ஏர்சேவா’ என்னும் இணையவழி முறையீட்டு ஏற்பாடு உள்ளது. அமெரிக்காவுக்குச் செல்லும் விமானமாயின், எழுத்து முறையீட்டைப் பெற்றதாக 30 நாளிலும், தெளிவான மறுமொழியை 60 நாளிலும் தர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. சக்கர நாற்காலியில் செல்வோர் போன்ற உடற்குறையுடையவர்க்கு அங்கே இன்னொரு காப்பும் உண்டு: இத்தகைய குறைகளைத் தீர்ப்பதற்கென்றே ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அலுவலரை நேரிலோ தொலைபேசியிலோ கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும்.

இத்தகைய முறையீடுகள் குப்பைக்கூடைக்கே போகும் என்று சலித்துக்கொள்வோர் ராஞ்சி நிகழ்ச்சியை நினைவு கூரலாம். 2022 மே 7ஆம் நாள், உடற்குறையுள்ள சிறுவன் ஒருவனை இண்டிகோ நிறுவனத்தின் தரைப் பணியாளர் விமானத்தில் ஏற்ற மறுத்தனர். உடன் இருந்த பயணிகள் பெற்றோருக்காக வாதாடினர். மருத்துவர்கள் தாங்களே துணை வருவதாகக் கூறினர். அவர்களுள் ஒருவர் நடந்ததை விரிவாக எழுதி வெளியிட்டார். அம்மாத இறுதிக்குள் அரசின் இயக்ககம் நிறுவனத்திற்கு ஐந்து இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. மருத்துவர் பார்த்து எழுத்தில் கருத்துக் கூறாமல் இத்தகையோரை மறுக்கக் கூடாது என்று விதியும் அவ்வாண்டே திருத்தப்பட்டது. எழுதியவர் ஒருவர் இருந்தார்.

இதற்கு மேலும் செல்ல விரும்புவோர்க்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் தில்லியில் இருந்தாலும், முறையிடுவோர் தாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய கட்டணம் ஐந்து இலட்சம் ரூபாய் வரையாயின் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை என்று 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நிகழ்ச்சி நடந்து இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டும். பன்னாட்டுப் பயணமாயின் 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை குறுக்கே வரும். அது உடலுக்கு நேர்ந்த காயத்தையே பேசுகிறது. மனம் நொந்ததற்கு மட்டும் இழப்பீடு பெறுவது அதன்கீழ் அரிது. அந்நிலையில் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டே இறங்க வேண்டும்.

இவை யாவும் படித்தவர்க்குச் சரி, எழுத்தறியாத பாட்டி என்ன செய்வார் என்று கேட்பீர்கள். அவருடைய கழுத்துப் பையில் கடவுச்சீட்டோடு ஒரு தாளையும் வைத்து அனுப்புங்கள். ஒரு பக்கம் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் ஐந்து வரிகள் இருக்கட்டும்: எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும், காது சற்று மந்தம், மெதுவாகச் சொல்லுங்கள், எனக்குத் தண்ணீர் வேண்டும், தமிழ் தெரிந்தவர் ஒருவரையோ மூத்த பணியாளரையோ அழையுங்கள். மறுபக்கம், இறங்கும் ஊரில் அழைத்துச் செல்ல வருபவரின் பெயரும் எண்ணும். விமானம் ஏறும் முன் வீட்டில் இரண்டு முறை அந்தத் தாளை எடுத்துக் காட்டச் சொல்லிப் பழக்கி அனுப்புங்கள். பேரப்பிள்ளை பணிப்பெண்ணாக நடித்தால் பாட்டி விரைவில் கற்றுக்கொள்வார்.